வாளி நிறைய எத்தனை நொடி? நீலகிரியில் வறட்சியை அளக்கும் முறைகள்

மார்ச் பிறந்துவிட்டால் நீலகிரியிலிருந்து இரண்டு விதமான செய்திகள் வரத் தொடங்கும். குன்னூரிலோ கோத்தகிரியிலோ குழாயில் தண்ணீர் வரும் இடைவெளி நாளுக்கு நாள் நீள்கிறது, தேயிலைச் செடி கருகுகிறது என்பது ஒன்று. மாவட்டத்தில் கடந்த பருவமழை இயல்பான அளவில் பெய்திருக்கிறது என்னும் புள்ளிவிவரம் மற்றொன்று. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். மழை இயல்பாகப் பெய்ததென்றால் குடங்கள் ஏன் வரிசையில் நிற்கின்றன?

இரண்டு செய்தியும் உண்மையாக இருக்க முடியும். முதலாவது, மனிதர்களுக்கு என்ன நேர்கிறது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, வானத்திலிருந்து எவ்வளவு விழுந்தது என்பதைச் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே மண், ஊற்று, அணை, குழாய், கூலி, கடன் என்று பல படிகள் இருக்கின்றன. மழை குறைந்தால் எந்தப் படி முதலில் உடையும், உடைந்தால் யார் தலையில் விழும் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் வறட்சிப் பாதிப்புநிலை மதிப்பீடு. அந்த மதிப்பீடு எப்படிச் செய்யப்படுகிறது, மலை மாவட்டத்தில் அது எங்கே சறுக்குகிறது, சரியாகச் செய்தால் என்ன பயன் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

எது வறட்சி?

வறட்சியை நான்கு வகையாகப் பிரிப்பது ஆய்வாளர்களிடையே நிலைபெற்ற வழக்கம். டொனால்ட் வில்ஹைட், மைக்கேல் கிளான்ட்ஸ் என்ற இருவர் 1985-இல் இந்தப் பகுப்பைத் தெளிவாக முன்வைத்தார்கள்.

1. வானிலை வறட்சி: ஓர் இடத்தில் வழக்கமாகப் பெய்யும் மழையைவிடக் குறைவாகப் பெய்வது.
2. வேளாண் வறட்சி: பயிருக்குத் தேவையான ஈரம் வேர் மண்டலத்தில் இல்லாமல் போவது.
3. நீரியல் வறட்சி: ஓடை, ஊற்று, கிணறு, அணை ஆகியவற்றில் நீர் குறைவது.
4. சமூகப் பொருளாதார வறட்சி: இந்தக் குறைவுகளால் மனிதர்களின் வருமானம், உடல்நலம், படிப்பு, வேலை பாதிக்கப்படுவது.

நான்கும் ஒரே நாளில் வருவதில்லை. மூன்று வாரம் மழை நின்றாலே கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் பாத்தி வாடும். அதே மூன்று வாரத்தில் ஊற்று பெரிதாக அசையாது. அது மெல்ல இறங்கும், இறங்கிய பிறகு ஏறுவதற்கும் அவ்வளவு காலம் பிடிக்கும். ஆகவே 'வறட்சி வந்துவிட்டதா?' என்ற கேள்விக்கு ஒரே தேதியில் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

ஒரே மாவட்டம், பல மழைகள்

மேற்கே கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்ட் மாதம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் அதிகமாகப் பெய்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கிழக்கே குன்னூரும் கோத்தகிரியும் பெரிதும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கின்றன. வடக்கே மசினகுடி, சீகூர், மாயாறு பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி. அங்கே வளர்வது முட்காடும் இலையுதிர் காடும். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவின் எந்தப் பக்கச் சரிவில் வீடு இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரு குடும்பத்தின் மழைக்காலமே மாறிவிடும்.

இப்படிப்பட்ட மாவட்டத்துக்கு ஒரே சராசரி மழையளவைக் கணக்கிட்டால் என்ன ஆகும்? கூடலூரில் பெய்த கூடுதல் மழை, கோத்தகிரியின் குறைவைக் கணக்கில் ஈடுகட்டிவிடும். கூடலூரில் பெய்த மழை மேற்கே இறங்கி ஓடிவிட்டது, கோத்தகிரி ஊற்றில் அதன் ஒரு சொட்டுகூட இல்லை. தாளில் மட்டும் மாவட்டம் 'இயல்பு' ஆகிவிடுகிறது.

கால வேறுபாடும் இதோடு சேர்கிறது. ஒரே நாளில் விழும் பெருமழை ஆண்டுக் கணக்கை உயர்த்தும். ஆனால் சரிவில் அது ஓடும் வேகத்தில் மண்ணுக்குள் இறங்குவது கொஞ்சமே. அதே அளவு மழை நாற்பது நாள் தூறலாகப் பெய்திருந்தால் ஏப்ரல் வரை ஊற்று பேசியிருக்கும்.

மழைக்குறைவைச் சொல்லும் எண்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறை பயன்படுத்துவது விழுக்காட்டுக் கணக்கு. நீண்டகாலச் சராசரியிலிருந்து 19 விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் அது 'இயல்பு'. 20 முதல் 59 விழுக்காடு வரை குறைந்தால் 'குறைவு'. 60-க்கு மேல் குறைந்தால் 'பெருங்குறைவு'. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் மாநில அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. அவ்வளவு பெரிய குறைவை எந்த அளவுகோலும் காட்டிக்கொடுத்துவிடும். சிக்கல் நடுத்தர ஆண்டுகளில்தான். சனவரி, பிப்ரவரியில் இயல்பான மழையே சில மில்லிமீட்டர் என்றால், அதில் '70 விழுக்காடு குறைவு' என்பதற்குப் பெரிய பொருள் கிடையாது. அக்டோபரில் 25 விழுக்காடு குறைந்தாலோ அது ஊற்றுகளின் ஓராண்டு வரவையே தின்றுவிடும்.

இந்தக் குறையைச் சரிசெய்ய வந்தது தரப்படுத்திய மழைக் குறியீடு; சுருக்கமாக எஸ்.பி.ஐ. அமெரிக்காவின் கொலராடோவில் மெக்கீயும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993-இல் வகுத்தது. ஓர் இடத்தின் 30 ஆண்டு மழைப் பதிவை எடுத்து, இந்த ஆண்டு அளவு அந்த இடத்தின் வழக்கத்திலிருந்து எத்தனை படி விலகியிருக்கிறது என்று அது சொல்லும். பூச்சியம் என்றால் வழக்கம். −1 முதல் மிதமான வறட்சி, −1.5 முதல் கடும் வறட்சி, −2-ம் அதற்குக் கீழும் மிகக் கடும் வறட்சி. −2-க்குக் கீழ் போவது நூறு ஆண்டில் இரண்டு மூன்று முறைதான் நடக்கும்.

இதன் பெரிய வசதி, கால அளவை மாற்றிப் பார்க்கலாம் என்பது. ஒன்று முதல் மூன்று மாத எஸ்.பி.ஐ. கேரட், உருளைக்கிழங்கு பாத்திக்கு. ஆறு மாதக் கணக்கு தேயிலைக்கும் சிறு ஓடைக்கும். பன்னிரண்டு மாதக் கணக்கு பார்சன்ஸ்வேலி போன்ற அணைக்கு; உதகை நகரின் குடிநீருக்கு முக்கிய ஆதாரம் அதுதான். மூன்று மாத எண் நன்றாகவும் பன்னிரண்டு மாத எண் மோசமாகவும் இருந்தால், வயல் பச்சையாக இருக்கும்போதே குழாய் காயப்போகிறது என்று பொருள்.

எஸ்.பி.ஐ. கணக்கிட நீண்ட மழைப்பதிவு வேண்டும். அந்த வகையில் நீலகிரிக்கு ஒரு செல்வம் உண்டு. பழைய தேயிலை எஸ்டேட்டுகள் பலவற்றில் தினசரி மழையளவை நோட்டில் எழுதிவைக்கும் வழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. அந்த நோட்டுகள் கரையானுக்குப் போவதற்குமுன் எண்களாக மாற்றப்பட்டால், பள்ளத்தாக்கு வாரியாக எஸ்.பி.ஐ. போட முடியும். இந்த மாவட்டத்தில் செய்யத்தக்க வறட்சிப் பணிகளில் மிக மலிவானது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அரசின் அறிவிப்பு எப்படி வருகிறது

ஒன்றிய வேளாண் அமைச்சகத்தின் 2016 வறட்சி மேலாண்மைக் கையேடு ஒரு படிவரிசையை வகுத்திருக்கிறது.

1. முதல் படியில் மழைக்குறைவு, எஸ்.பி.ஐ., தொடர்ந்து மூன்று நான்கு வாரம் மழை இயல்பில் பாதிகூடப் பெய்யாத உலர்காலம் ஆகியவை பார்க்கப்படும்.
2. அது தேறினால் அடுத்து தாக்கத்தின் அடையாளங்கள்: விதைக்கப்பட்ட பரப்பு, மண் ஈரம், செயற்கைக்கோள் காட்டும் பசுமை, அணை, நிலத்தடி நீர் நிலை.
3. அதற்குப் பின் பத்து விழுக்காடு கிராமங்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து இடங்களில் வயலை நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

சமவெளிக்கு இது நல்ல ஏற்பாடு. மலையில் இரண்டாம் படி தடுமாறும். தேயிலை ஆண்டுதோறும் விதைக்கும் பயிர் கிடையாது. ஆகவே 'விதைக்கப்பட்ட பரப்பு' எந்தக் கதையையும் சொல்லாது. செயற்கைக்கோள் பசுமைக் குறியீடு, இலை திருப்பி அனுப்பும் அகச்சிவப்பு ஒளிக்கும் சிவப்பு ஒளிக்கும் உள்ள வேறுபாட்டை வைத்துக் கணக்கிடப்படுவது. தேயிலை, சோலைக் காடு, சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்) எல்லாம் என்றும் பச்சை; சரிவின் நிழலும் மேகமும் வேறு. துளிர் நின்று குடும்பத்தின் வருமானம் பாதியாகிவிட்ட தோட்டமும் வானத்திலிருந்து பார்த்தால் பச்சையாகவே தெரியும்.

காலக்கெடுவும் பொருந்தவில்லை. கையேட்டின்படி காரிஃப் எனப்படும் மழைக்காலப் பயிர்ப் பருவத்துக்கு அக்டோபர் 30-க்குள்ளும் ராபி எனப்படும் குளிர்காலப் பயிர்ப் பருவத்துக்கு மார்ச் 31-க்குள்ளும் அறிவிப்பு வர வேண்டும். கோத்தகிரி பக்கத்து ஊற்றுகள் மிகவும் இளைப்பதோ கோடை மழைக்கு முந்தைய வாரங்களில், பல ஆண்டுகளில் ஏப்ரலில்.

அறிவிப்பு வந்தால் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து இடுபொருள் மானியம் கிடைக்கும். அதற்கு 33 விழுக்காட்டுக்கு மேல் பயிர் இழப்பு இருக்க வேண்டும். நிலம் இல்லாமல் கொழுந்து பறித்துக் கூலி வாங்குபவருக்கு அந்த மானியத்தில் பங்கில்லை. இந்த இடைவெளியை நிரப்பத்தான் பாதிப்புநிலை மதிப்பீடு தேவைப்படுகிறது.

மண்ணுக்கு அடியில் நடப்பது

மேல் நீலகிரியின் சோலையும் புல்வெளியும் அவற்றுக்கு நடுவே தாழ்வான இடங்களில் உள்ள சதுப்பும் சேர்ந்துதான் இந்த மலையின் தண்ணீர்த் தொட்டி. கீழே இருப்பது சார்னோகைட் என்னும் கடும்பாறை. அதன் வெடிப்புகளிலும் மேலுள்ள சிதைந்த மண்ணிலும் மட்டுமே நீர் தங்கும். அந்தத் தேக்கம் சிறியது. ஆகவே மேற்பரப்பில் என்ன வளர்கிறது என்பது இங்கே மிக முக்கியம்.

இதற்கு உள்ளூரிலேயே அரிய சான்று இருக்கிறது. உதகையில் இயங்கும் மத்திய மண்வள, நீர்வள ஆராய்ச்சி மையம், கிளன்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு நீண்ட காலம் அளந்தது. ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள். மற்றொன்றின் பெரும்பகுதியில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் மரம் நட்ட பக்கத்தில் ஓடையின் ஆண்டு நீர்வரவு சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. அதைவிட முக்கியம், கோடைக்கால ஓட்டத்தைக் காட்டும் அளவு முதல் சுழற்சியில் பாதியாகவும் மரத்தை வெட்டி மறுதாம்பு விட்ட இரண்டாம் சுழற்சியில் நான்கில் ஒன்றுக்கு நெருக்கமாகவும் இறங்கியது.

இதன் பொருளைக் கவனிக்க வேண்டும். மழை ஒரு சொட்டும் குறையாமலே அந்த ஓடையைச் சார்ந்தவர்களுக்கு நீரியல் வறட்சி வந்துவிட்டது. மழைமானியை மட்டும் பார்ப்பவருக்கு இது கடைசிவரை தெரியாது. 'வறட்சியா, மரம் நடு' என்று எல்லா இடத்துக்கும் ஒரே மருந்தைச் சொல்வதும் இங்கே செல்லாது. எந்த மரம், எந்தச் சரிவில், எந்தப் புல்வெளியை அழித்து என்று கேட்டாக வேண்டும்.

பாதிப்புநிலை என்பது என்ன

ஐ.பி.சி.சி. எனப்படும் பன்னாட்டுக் காலநிலைக் குழு 2014-இல் முடித்த ஐந்தாம் அறிக்கையில், இடர் என்பதை மூன்று கூறுகள் சந்திக்கும் இடமாக விளக்கியது.

1. ஆபத்து: மழை பொய்ப்பது, உலர்காலம் நீள்வது.
2. அகப்படுதல்: அந்த இடத்தில் யார், எது இருக்கிறது என்பது.
3. பாதிப்புநிலை: அப்படி அகப்பட்டவர் எவ்வளவு எளிதில் அடிபடுவார், சமாளிக்கும் வலு எவ்வளவு என்பது.

முன்பெல்லாம் மழைக்குறைவையும் பாதிப்புநிலையின் ஒரு பகுதியாகவே எண்ணினார்கள். இப்போது பிரித்துவிட்டதில் ஒரு பெரிய நன்மை. மழை நம் கையில் இல்லை. பாதிப்புநிலை பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை முதலில் 12 இமயமலை மாநிலங்களுக்கும், பிறகு 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் நாடு முழுமைக்கும் இந்தப் புதிய முறையில்தான் மதிப்பீடு செய்தது.

நீலகிரியில் வைத்துப் பார்த்தால் மூன்றும் தெளிவாகப் பிரியும். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை 7,35,394. ஊற்றுகள் இளைத்துக் கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் சுற்றுலாக் கூட்டம் உச்சம் தொடும். 2025-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஏப்ரல் முதல் சூன் வரை நாளொன்றுக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பு விதித்தது. அந்த வரம்புக்குள்ளேயே எத்தனை ஆயிரம் பேருக்குக் குளிக்க, துவைக்க, சமைக்கத் தண்ணீர் தேவைப்படும் என்று கணக்குப் போட்டால், 'அகப்படுதல்' என்ற சொல்லின் கனம் புரியும். இங்கே அகப்படுபவர்களின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

அடிபடும் அளவும் இடத்துக்கு இடம் வேறு. ஹட்டி எனப்படும் படுகர் ஊரில் ஓர் ஏக்கர் தேயிலை வைத்திருப்பவருக்கு வறட்சி என்றால் துளிர் நிற்பதும் சிவப்புச் சிலந்திப் பூச்சி பெருகுவதும். எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீட்டில் இருப்பவருக்கு வேலை நாள் குறைவது. சனவரி, பிப்ரவரியில் நீர்போகம் எனப்படும் பாசனப் பருவத்தில் உருளைக்கிழங்கு நட்டவருக்கு ஓடையில் வைத்த மோட்டார் காற்றை இழுப்பது. அதோடு உறைபனியும் சேரும், ஏனெனில் உலர்ந்த மண் பகல் வெப்பத்தைத் தேக்கிவைக்காது. மசினகுடியில் மாடு வளர்ப்பவருக்கு மேய்ச்சல் காய்வதும் காட்டுத்தீயும் தண்ணீர் தேடி யானை ஊருக்குள் வருவதும். மலைக்குக் கீழே பவானிசாகர் அணையை நம்பும் சுமார் 2 லட்சம் ஏக்கர் கீழ்பவானி பாசனத்தாருக்கும் இதில் பங்கு உண்டு. மாயாறும் பவானியும் இங்கிருந்துதான் இறங்குகின்றன.

குறியீட்டெண்ணும் அதன் கண்ணிகளும்

இவ்வளவு வேறுபாடுகளை ஒப்பிட ஒரு பொது அளவு வேண்டும். வழக்கமான முறை இது. ஒவ்வோர் அளவையும் பூச்சியத்திலிருந்து ஒன்றுக்குள் கொண்டுவருவார்கள். தண்ணீருக்கு நடக்கும் தூரம் ஒரு வட்டாரத்தில் குறைந்தது 50 மீட்டர், அதிகம் 1,050 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 300 மீட்டர் நடப்பவரின் மதிப்பு, 250-ஐ 1,000-ஆல் வகுக்க வரும் 0.25. இப்படியே வருமான வழிகள், கடன், சேமிப்புத் தொட்டி, நிலப்பட்டா என்று பல அளவுகளைக் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் எடை கொடுத்துக் கூட்டினால் குறியீட்டெண் வந்துவிடும்.

வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை பூசிப் பார்க்க இது அழகாக இருக்கும். ஆனால் மூன்று கண்ணிகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, சராசரி எதிரெதிரானவற்றை ஒன்றாக்கிவிடும். ஒரு கற்பனைக் கணக்கு: ஓர் ஊரின் நீர்க்குறைவு 0.9, பயிர் அடிபடும் அளவு 0.5, சமாளிக்க இயலாமை 0.1. இன்னோர் ஊரில் இவையே 0.3, 0.4, 0.8. இரண்டுக்கும் சராசரி 0.5 தான். முதல் ஊருக்குத் தேவை தண்ணீர். இரண்டாம் ஊருக்குத் தேவை வேறு வருமானமும் கடன் சுமைக் குறைப்பும். ஒரே நிறம் பூசிய வரைபடம் இரண்டு ஊருக்கும் ஒரே லாரியை அனுப்பும்.

இரண்டாவது, எடையை மாற்றினால் வரிசை மாறும். சமாளிக்க இயலாமைக்கு மட்டும் இரட்டை எடை கொடுத்தால் முதல் ஊர் 0.4-க்கு இறங்கும், இரண்டாவது ஊர் 0.58-க்கு ஏறும். எடை கொடுப்பது கணிதம் போலத் தோன்றினாலும் அது ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை யார் சொன்னார்கள், எதற்காகச் சொன்னார்கள் என்று அறிக்கையிலேயே எழுத வேண்டும். எடையை மாற்றி மாற்றிப் போட்டும் மேலேயே நிற்கும் ஊர்களை முதலில் கவனிப்பது நேர்மையான வழி.

மூன்றாவது கண்ணிதான் நீலகிரிக்கு மிகவும் ஆபத்தானது: அலகு. வருவாய்க் கிராமம் ஒன்றுக்குள் பல ஹட்டிகள், லயன்கள், காட்டோரத்து இருளர், குறும்பர், பணியர் பழங்குடிக் குடியிருப்புகள் எல்லாம் அடங்கும். கிராமச் சராசரியில் சாலையோர வீடுகளின் குழாய் இணைப்பு, காட்டோரத்துப் பத்து வீடுகளின் இல்லாமையை மூடிவிடும். நீர்ப்பிடிப்பு வாரியாகவும் குடியிருப்பு வாரியாகவும் இறங்காத எந்த மதிப்பீடும் இந்த மலையில் பாதி உண்மைதான்.

'ஏன்?' என்று கேட்டுக்கொண்டே இறங்கும் முறை

குறியீட்டெண் 'எங்கே' என்று சொல்லும். 'எதனால்' என்பதற்கு வேறொரு முறை உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய வறட்சித் தணிப்பு மையம் வளர்த்தெடுத்தது அது. கடந்த வறட்சிகளில் நேர்ந்த பாதிப்புகளை முதலில் பட்டியலிட வேண்டும். அதிகம் பேரைத் தாக்கியவை, மீள நாளானவை, எளியவர் தலையில் விழுந்தவை என்று தரம் பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பாதிப்புக்கும் 'ஏன்?' என்று கேட்டு, பதிலுக்கும் 'ஏன்?' என்று கேட்டு, மரத்தின் கிளையிலிருந்து வேருக்கு இறங்க வேண்டும்.

ஒரு லயன் வீட்டை எடுத்துக்கொள்வோம். கேட்பவர் 'உங்கள் பாதிப்புநிலை என்ன?' என்று தொடங்கினால் ஒன்றும் கிடைக்காது. 'அக்கா, போன ஏப்ரல்ல ஒரு நாளைக்கு எத்தனை கொடம் புடிச்சீங்க? எத்தனை மணிக்கு?' என்று கேட்க வேண்டும். வறட்சியில் வாரம் ஒரு நாள் கூலி போனது என்று அவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம்.

- ஏன் போனது? தண்ணீர் திறக்கும் நாளில் வேலைக்குப் போக முடியவில்லை.
- ஏன்? குழாய் திறப்பது காலை 9 மணிக்கு. கொழுந்து பறிக்க 8 மணிக்கே பேர் கொடுத்தாக வேண்டும்.
- ஏன் 9 மணிக்கு? தொட்டி நிறைய அவ்வளவு நேரம் ஆகிறது.
- ஏன்? தொட்டி சிறியது, நிறைந்து இரவெல்லாம் வழிந்து போகிறது, அதிகாலையில் பிடிப்பவர்கள் காலியாக்கிவிடுகிறார்கள்.

வேர் தெரிந்துவிட்டது. இன்னொரு தொட்டி கட்டி, திறக்கும் நேரத்தை மாலைக்கு மாற்றினால் அந்தக் கூலி நாள் திரும்பக் கிடைக்கும். மழை ஒரு துளிகூடக் கூட வேண்டியதில்லை.

எல்லா மரமும் இவ்வளவு எளிதில் வேரைக் காட்டாது. சிறு தேயிலை விவசாயி கடன் வாங்கினார் என்பதற்கு ஏன் என்று கேட்டால் ஒரு கிளை மண் ஈரத்துக்குப் போகும்: மூடாக்கு இல்லை, நிழல் மரத்தை வெட்டியாயிற்று. இன்னொரு கிளை பச்சைத் தேயிலை விலைக்குப் போகும். அது அவர் கையிலும் இல்லை, மாவட்ட நிர்வாகத்தின் கையிலும் முழுதாக இல்லை. மூன்றாவது கிளை, வீட்டில் வேறு வருமானமே இல்லாமை. முடிவில் எந்த வேரை வெட்ட முடியும், எதைத் தாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யலாம் என்று பிரிப்பதுதான் திட்டமிடல். மழையோடு 'ஏன்' நின்றுவிட்டால் திட்டம் என்பது வானத்தைப் பார்ப்பதாகவே முடியும்.

வாளியும் கடிகாரமும்

மழையளவு, குறியீட்டெண், காரண மரம் மூன்றும் கிடைத்த பின்னும் ஒன்று பாக்கி: எந்த நாளில் எதைச் செய்யத் தொடங்குவது? அதற்கு ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு தூண்டல் அளவு வேண்டும். மலையில் அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பத்து லிட்டர் வாளியும் நொடி காட்டும் கைப்பேசியும் போதும்.

60 வீடு, 240 பேர் உள்ள ஒரு ஹட்டியின் ஊற்றை வைத்துக் கணக்குப் போடலாம். ஊரகக் குடிநீருக்கான அரசின் அளவு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். மொத்தத் தேவை 13,200 லிட்டர். ஒரு நாளில் 1,440 நிமிடம். இரவு வரத்தும் தொட்டியில் சேர்கிறது என்றால் நிமிடத்துக்கு 9.2 லிட்டர் வர வேண்டும். அதாவது பத்து லிட்டர் வாளி 65 நொடிக்குள் நிறைந்தாக வேண்டும்.

டிசம்பரில் அது 40 நொடியில் நிறைந்தால் கவலையில்லை. அந்த ஓட்டம் கிட்டத்தட்ட 390 பேருக்குப் போதும். ஏப்ரலில் 4 நிமிடம் ஆனால் 65 பேருக்குத்தான் காணும். மீதி 175 பேர் வேறிடம் தேட வேண்டும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், பள்ளிப் பிள்ளைகளே அளந்து நோட்டில் எழுதலாம். 40, 44, 49, 55 என்று ஏறுகிற வேகத்தைப் பார்த்தாலே எந்த வாரம் 65-ஐத் தொடும் என்று முன்கூட்டித் தெரிந்துவிடும். கோத்தகிரியில் உள்ள கீஸ்டோன் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் இந்த மலையின் ஊற்றுகளிலும் சதுப்புகளிலும் வேலை செய்துவருகின்றன. ஊராட்சிகள் இதை வழக்கமான கடமையாக ஏற்க வேண்டியதுதான் மிச்சம்.

அந்த எண்ணோடு செயலை முன்கூட்டியே கட்டிவைக்க வேண்டும். அதே ஹட்டிக்கு ஒரு மாதிரி:

1. 45 நொடி தாண்டினால்: தொட்டிக் கசிவை அடைப்பது, ஊற்றின் மேற்பக்கத்தில் புதிய மோட்டார் வைக்க விடாமல் ஊர்க்கூட்டத்தில் முடிவெடுப்பது.
2. 55 நொடி தாண்டினால்: மேலே ஸ்பிரிங்ளர் பாசனத்துக்கும் கேரட் கழுவும் இயந்திரத்துக்கும் நேரம் வகுப்பது. மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு போகும் அவசரம் உண்மையானது; ஆகவே தடை போடுவதற்குப் பதில் முறை வைப்பதுதான் நிலைக்கும்.
3. 65 நொடி தொட்டால்: வீட்டுக்கு இத்தனை குடம் என்று பங்கு, முதியவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு யார் கொண்டுபோய் ஊற்றுவது என்று பெயரோடு முடிவுசெய்வது.
4. 90 நொடி தாண்டினால்: லாரித் தண்ணீர். அதற்கான டெண்டரும் பாதையும் சனவரியிலேயே தயாராக இருக்க வேண்டும்.

மசினகுடிக்கு இந்தப் பட்டியல் செல்லாது. அங்கே தூண்டல் அளவு டிசம்பர் இறுதியின் மூன்று மாத எஸ்.பி.ஐ. ஆக இருக்கலாம், −1-க்குக் கீழ் போனால் தீத்தடுப்புக் கோடுகளை வெட்டும் வேலையும் மாட்டுத் தீவன ஏற்பாடும் சனவரியிலேயே தொடங்கும். உதகை நகருக்கு அது அணையின் நீர்மட்டம். 2024 ஏப்ரல் இறுதியில் உதகையில் வெயில் 29 டிகிரியைத் தொட்டது போன்ற ஆண்டுகளில், தேவை கூடுவதும் வரத்து குறைவதும் ஒரே வாரத்தில் நடக்கும். மே மாதக் கோடை விழாவுக்கு முன்பே விடுதிகளுக்கான நீர்ப்பங்கீட்டை முடிவு செய்யாவிட்டால், அந்தப் பங்கு நகரின் மேட்டுத் தெருக் குழாய்களிலிருந்துதான் எடுக்கப்படும்.

எப்போது முடிந்தது?

வறட்சி தொடங்கிய தேதியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். முடிந்த தேதியை யாரும் குறிப்பதில்லை. முதல் கோடை மழை பெய்ததும் லாரி நின்றுவிடும், கூட்டம் கலைந்துவிடும், கோப்பு மூடப்படும். ஆனால் ஊற்று அன்றைக்கே ஏறாது. உலர்ந்த மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். பாறை வெடிப்புக்கு நீர் இறங்குவது அதற்குப் பிறகுதான். மழை தொடங்கியும் வாரக்கணக்கில் வாளி 100 நொடியிலேயே நிற்கக்கூடும். ஆகவே மழை வந்த பின்னும் அளவை நிறுத்தக் கூடாது. வாளி மறுபடியும் 65 நொடிக்குள் நிறையும் நாள் வரை லாரி ஓட வேண்டும். அந்தத் தேதியையும் அதற்குள் எந்தெந்த வீட்டில் நகை அடகுக்குப் போனது, எந்தப் பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்கு வரவில்லை என்பதையும் அதே நோட்டில் அடுத்த பக்கத்தில் எழுதிவைத்தால், அடுத்த மதிப்பீட்டுக்கு வேண்டிய முதல் தரவு அங்கேயே இருக்கும்.